இரண்டு டிக்கெட்டுகளுக்கு நடுவில் நின்றவர்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்குக் கஸ்தூரியின் தங்கை சுமதி போன் செய்தார். நான் அப்போதுதான் அலுவலகத்தின் ஷட்டரைத் தூக்கியிருந்தேன். "அண்ணா, அக்காவ லாரி அட்ச்சிட்ச்சு" என்றார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். பின்னணியில் ஆட்கள் கத்துவதும் கண்ணாடி உடைவதும் கேட்டன. மறுபடி கேட்டபோது, "ஆஸ்பத்திரி இல்லண்ணா, ரோட்லயே" என்றார்.

சேலையூரில் ஒரு தண்ணீர் லாரி அவருடைய ஸ்கூட்டரை இடித்து, பின்சக்கரம் அவர் மேல் ஏறியிருந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் கூட்டம் லாரியின் கண்ணாடிகளை எல்லாம் உடைத்து முடித்திருந்தது. டிரைவரைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றியிருந்தார்கள். அவர் காதிலிருந்து ரத்தம் வடிந்து சட்டைக் காலரை நனைத்திருந்தது. கஸ்தூரியின் மேல் யாரோ ஒரு பழைய பேனரைப் போர்த்தியிருந்தார்கள். அதற்கு வெளியே தெரிந்த இடது கையைப் பார்த்தே அவர்தான் என்று எனக்குத் தெரிந்தது. அந்தக் கையில் இரண்டு விரல்கள் மடங்காது.

அந்த லாரிக்கும் முன்பு கஸ்தூரியின் கையை உடைத்த ஆளுக்கும் தொடர்பு உண்டா என்று துக்கம் கேட்க வந்த எல்லோரும் என்னைத் தனியாக அழைத்துக் கேட்டீர்கள். இல்லை. போலீஸும் விசாரித்துவிட்டது. லாரி வேகமாக வந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்வி ஏன் எழுந்தது என்பதைப் பாதிதான் அறிவீர்கள். மீதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தாம்பரத்தில் எங்கள் டிக்கெட் அலுவலகத்தில் பதினோரு வருடங்கள் நானும் கஸ்தூரியும் அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். அவர் கோவளத்து மீனவக் குடும்பத்துப் பெண். நான் வயதில் மூத்தவன். என்னை அண்ணா என்பார், நீ என்பார். கோபம் வந்தால் கை நீளும். பொய்யான ஆவணம் கொண்டுவந்த ஏஜென்ட் ஒருவரைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளியதை உங்களில் சிலர் நேரில் பார்த்திருப்பீர்கள்.

தனித்தனியாக வாங்கிய இரண்டு டிக்கெட்டுகளில் பயணம் போகிறவர்களைப் பற்றி அவர் எப்போதும் சொல்வது ஒன்று உண்டு. "ரெண்டு டிக்கெட்டுக்கு நடுவுல நீ யாருக்கும் பாசஞ்சர் இல்ல." ஒரே டிக்கெட்டாக இருந்தால், முதல் விமானம் தாமதமானாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது கம்பெனிக்கு நம்மைத் தெரியாது. இறங்க வேண்டும், பெட்டியை எடுக்க வேண்டும், வேறு கட்டடத்துக்கு ஓட வேண்டும், கவுன்டர் மூடுவதற்குள் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். தவறினால் டிக்கெட் போனது போனதுதான்.

இது எனக்கும் தெரிந்ததுதான். தெரிந்தே ஒரு தப்பு செய்தேன்.

படப்பையைச் சேர்ந்த ஒருவர் ரியாத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். அவருடைய அப்பா இறந்துவிட்டார். மறுநாள் மதியம் தகனம். ஒரே டிக்கெட்டில் இடமில்லாததால், ரியாத்திலிருந்து மும்பைக்கு ஒன்று, மும்பையிலிருந்து சென்னைக்கு ஒன்று என்று நான் போட்டுக்கொடுத்தேன். நடுவில் ஒன்றே முக்கால் மணி நேரம். அவருடைய முதல் விமானம் நாற்பது நிமிடம் தாமதம். குடியேற்றச் சோதனையில் நீண்ட வரிசை. பெட்டி வரவில்லை. அவர் அடுத்த கட்டடத்துக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கவுன்டரை மூடிவிட்டார்கள். படப்பைக்கு அவர் வந்தபோது அப்பாவை எரித்து முடித்து, வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மொட்டையடித்த தலை. என் தலைமுடியைப் பிடித்து மேசை மேல் மோதினார். இரண்டாவது மோதலில் என் மூக்கு உடைந்தது. மேசைக் கண்ணாடி விரிசல் விட்டு, அதன் மேல் ரத்தம் பரவியதைக் கண்ணருகில் பார்த்தேன். கஸ்தூரி ஸ்டூலைத் தூக்கி அவர் தோளில் அடித்தார். அவர் திரும்பிக் கஸ்தூரியின் வயிற்றில் உதைத்தார். கஸ்தூரி விழுந்து, எழுந்து, மறுபடி அடித்தார். அந்த மனிதர் தரையில் உட்கார்ந்து, "மொகத்த கூட காட்டலியேடா" என்று அழ ஆரம்பித்தார். கஸ்தூரி மூச்சிரைக்க அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். "தப்பு எங்க மேலதான்" என்று அவரிடம் சொன்னார். போலீஸுக்குப் போகவில்லை.

என் மூக்குக்குக் கட்டுப் போட்டு வந்த பிறகு கஸ்தூரி என்னிடம் சொன்னதை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. "அவன் உன்ன அட்ச்சது தப்புண்ணா. அடிக்கணும்னு தோணிச்சு பாரு, அது தப்பு இல்ல." அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் தனித்தனி டிக்கெட் போட்டால் நடுவில் ஆறு மணி நேரம் இருக்க வேண்டும் என்பது சட்டமானது. வாடிக்கையாளர்கள் சண்டை போடுவார்கள். அவர் மசிய மாட்டார்.

இனி மலர். இது அவருடைய உண்மையான பெயர் அல்ல. நர்ஸ். கணவனுக்குத் திருமுடிவாக்கத்தில் வெல்டிங் பட்டறை. அவர் முதன்முதலில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது வெயில் காலத்தில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். கஸ்தூரி அவரைப் பின்னறைக்கு அழைத்துப் போனார். திரும்பி வந்தபோது கஸ்தூரியின் முகம் வெளுத்திருந்தது. கணவன் வெல்டிங் கம்பியால் சூடு வைத்திருக்கிறான் என்று மட்டும் சொன்னார். எத்தனை இடத்தில் என்று நான் கேட்கவில்லை.

மலருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்திருந்தது. அனுமதியும் வந்துவிட்டது. பாஸ்போர்ட்டை ஒரு தோழியிடம் ஒளித்து வைத்திருந்தார். ஆனால் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் விமானங்கள் எத்தனை, எத்தனை மணிக்கு என்பதைக் கணவன் முன்னொரு தடவை அவர் எதிரிலேயே சொல்லிக் காட்டியிருக்கிறான். எதில் ஏறினாலும் வாசலில் நிற்பேன் என்று அர்த்தம். அதனால் கஸ்தூரி, எல்லோரையும் செய்யாதீர்கள் என்று எச்சரிக்கும் காரியத்தைத் தானே செய்தார். சென்னையிலிருந்து கொச்சிக்கு ஒரு டிக்கெட், கொச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு வேறொரு டிக்கெட். "கெழக்கால போறவ மேற்கால போவான்னு எவன் நெனப்பான்?" என்றார். ஒன்றைப் பார்த்தால் மற்றொன்று தெரியாது. பெட்டி கிடையாது, ஒரு தோள்பை மட்டும். நடுவில் ஆறு மணி நேரம்.

அன்று கொச்சி விமானம் பன்னிரண்டே காலுக்குப் புறப்பட வேண்டும். இயந்திரக் கோளாறு, மூன்று மணி ஆகும் என்று மலர் செய்தி அனுப்பினார். ஒன்றரை மணிக்கு மலரின் கணவன் எங்கள் அலுவலகத்துக்குள் வந்தான். கூட அவனுடைய சித்தப்பா மகன். வீட்டில் எங்கள் விசிட்டிங் கார்டு கிடைத்திருக்கிறது. ஷட்டரைப் பாதி இறக்கினார்கள்.

நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். மலர் அப்போது மீனம்பாக்கத்தில் உள்நாட்டு விமானங்களுக்கான கட்டடத்தில் உட்கார்ந்திருந்தார். தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் இருபது நிமிடம். நகையைத் திருடிக்கொண்டு ஓடுகிறாள் என்று அவன் வாசலில் நிற்கும் காவலரிடம் சொன்னால் போதும்.

இரும்புக் கம்பி கொண்டுவந்திருந்தான். முதல் அடி கம்ப்யூட்டர் திரையில். இரண்டாவது, மேசை மேலிருந்த கஸ்தூரியின் இடது கையில். எலும்பு முறியும் சத்தம் எனக்குக் கேட்டது. எங்கே அவள் என்றான். தெரியாது என்றார். முடியைப் பிடித்து முகத்தைச் சுவரில் அடித்தான். அவர் அவன் மணிக்கட்டைக் கடித்தார். ரத்தம் வரும்வரை விடவில்லை. அவன் கம்பியால் முதுகில் அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் கேட்டான். ஒவ்வொரு தடவையும் தெரியாது என்றார். நான் தரையில் கிடந்தேன். தம்பிக்காரனின் முழங்கால் என் நெஞ்சில். அவனுடைய ஸ்க்ரூ டிரைவரின் முனை என் கண்ணுக்குக் கீழே தோலை அழுத்திக்கொண்டிருந்தது.

இனிமேல் எழுதப்போவதுதான் உங்களுக்குத் தெரியாதது.

நான் வாயைத் திறந்தேன். "விட்ருங்க, நான் சொல்லிட்றேன்" என்றேன். கஸ்தூரியைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது உண்மை இல்லை. கண் போய்விடும் என்று பயந்தேன். "அவங்க இன்னும்" என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

கஸ்தூரி அலறினார். "அந்தாளுக்கு இன்னா தெரியும்? நான்தான் போட்டேன். அடிக்காத, சொல்லிட்றேன்." தேம்பி அழுதுகொண்டே சொன்னார். காலையிலேயே பெங்களூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டதாகவும் அங்கிருந்து ராத்திரி சிங்கப்பூர் விமானம் என்றும் சொன்னார். எந்தக் கம்பெனி என்று அவன் கேட்டதற்கு ஒரு பெயர் சொன்னார். எத்தனை மணிக்கு என்றதற்கும் சரியாக ஒரு நேரம் சொன்னார். அவன் போகும்போது இன்னொரு தடவை அவரை உதைத்தான். அவர்களுடைய கார் முடிச்சூர் பக்கம், விமான நிலையத்துக்கு எதிர்த்திசையில் திரும்பியதை நான் ஷட்டருக்கு அடியில் படுத்தபடி பார்த்தேன்.

முதலிலேயே அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கலாமே என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "பொய்க்கு முன்னாடி கொஞ்சம் அடி வாங்கணும்ண்ணா. இல்லன்னா நம்ப மாட்டானுங்க" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அவர் என் போனை வாங்கி, வலது கையால் மலரின் புது எண்ணை அழுத்தினார். விமானம் நாலு மணிக்குத் தள்ளிப்போயிருந்தது. கஸ்தூரி கணக்குப் போட்டார். ஐந்தே காலுக்குக் கொச்சி. ஏழரைக்குச் சிங்கப்பூர் விமானம். ஆறரைக்குக் கவுன்டர் மூடிவிடும். "எறங்கினதும் நேரா வெளிய வா. யாராண்டயும் கெஞ்சிக்கினு நிக்காத, அவங்களுக்கு நீ யாரோ. பஸ்ஸுக்கு நிக்காத, பக்கத்து கட்டடம்தான், நடந்தே பூடு." ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று மலர் கேட்டிருக்க வேண்டும். "பல்லு வலிம்மா" என்றார். முன்பல் ஒன்று அப்போது தரையில் கிடந்தது.

மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது என் போனில் செய்தி வந்தது. "கவுன்டர் தாண்டிட்டேன் அக்கா." இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அதன் பிறகுதான் டாக்டரிடம் கை வலிக்கிறது என்றார்.

அவன் பெங்களூர் விமான நிலையத்தில் காத்திருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினான். கைதானான், ஜாமீனில் வந்தான். ஒருநாள் எங்கள் அலுவலகத்துக்கு எதிரே பைக்கில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தான். கஸ்தூரி சாலையைக் கடந்து போய், அவன் பைக்கின் இரண்டு கண்ணாடிகளையும் ஹெல்மெட்டால் அடித்து உடைத்துவிட்டு வந்து, விட்ட வேலையைத் தொடர்ந்தார். அதன் பிறகு அவன் வரவில்லை.

நடந்ததைக் கேட்ட எல்லோரிடமும் கஸ்தூரி, "அண்ணாவும் வாயே தொறக்கல, தெரியுமா?" என்று சொன்னார். போலீஸிடமும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். உங்களில் பலர் என் கையைப் பிடித்துப் பாராட்டினீர்கள். வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் எங்கள் இருவருக்கும் சால்வை போட்டீர்கள். நான் மறுக்கவில்லை. ஒரே ஒரு தடவை, தனியாக இருக்கும்போது, ஏன் இப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன். "அந்த எடத்துல ஸ்க்ரூ டிரைவர் உன் கண்ணுகிட்டதான இருந்துச்சு, என் கண்ணுகிட்ட இல்லியே" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

கஸ்தூரியின் சாவை மலருக்கு நான்தான் போனில் சொன்னேன். அடுத்த மாதம் அவர் கணவன் மேலான வழக்கு விசாரணைக்கு வருகிறது. தானும் வந்து சாட்சி சொல்வதாகச் சொன்னார். அவனை நேரில் பார்க்க வேண்டியிருக்குமே என்றேன். பார்க்கிறேன் என்றார்.

அன்று அந்த அறைக்குள் இருந்தவர்களில், அடித்தவர்கள் தவிர, இப்போது உயிரோடு இருப்பவன் நான் ஒருவன்தான். அவனுடைய வக்கீல் என்னைக் குறுக்கு விசாரணை செய்வார். எத்தனை அடி, எந்தக் கை, யார் என்ன சொன்னார்கள் என்று கேட்பார். எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். நான் வாயைத் திறந்ததையும் அவர் அதை மறைத்ததையும் சேர்த்தே சொல்லப்போகிறேன். அதைக் கோர்ட்டில் கேட்பதற்கு முன் நீங்கள் என்னிடமிருந்து கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

கஸ்தூரியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவர் எனக்குக் கொடுத்த நல்ல பெயரை அல்ல; அதை இன்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடி விழும்போதும் எந்த விமானம் எத்தனை மணிக்கு எங்கே இறங்கும் என்று பிசகாமல் யோசித்துக்கொண்டிருந்த அந்த நிதானத்தை வைத்துக்கொள்கிறேன். சாட்சிக் கூண்டில் ஏறும்போது என் கால் நடுங்கும். எனக்கு என்னைத் தெரியும். நடுங்கினாலும் ஏறுவேன்.