நாலு கதவுள்ள பப்பில் பெண் பார்த்த கதை

என்னைப் பெண் பார்த்தது ஒரு பப்பில். லண்டனில் எங்கள் ஆட்கள் கூடுகிற ஈலிங் கோயிலில் சந்தித்தால் ஊரே பார்க்கும், யாருடைய வீட்டுக்காவது போனால் போனவர்களின் மதிப்புக் குறையும். தமிழ் ஆட்கள் யாரும் வராத இடம் என்று மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பழைய பப்பைச் சொன்னார்கள். மத்தியானச் சாப்பாடும் உண்டாம்.

எனக்கு மாப்பிள்ளையைப் படத்தில் பார்த்தபோதே பிடித்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. இதற்கு முன் மூன்று சம்பந்தங்கள், யார் முதலில் போன் எடுப்பது என்ற வீம்பிலேயே குழம்பி நின்றுபோயிருந்தன.

விக்டோரியா ராணியின் கடைசிக் காலத்துக் கட்டடம் அது. தெருவிலிருந்து நாலு கதவு. ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனி அறை, நடுவில் எல்லா அறைக்கும் பொதுவாக ஒரு வளைந்த கவுண்டர். அறைகளுக்கிடையே ஆளுயரத்துக்கு மேல் பூ வெட்டிய பால் கண்ணாடித் தடுப்பு. கவுண்டருக்கு மேலேயும் திருப்பித் திறக்கிற சின்னச் சின்னக் கண்ணாடிகள். ஒருவர் குடிப்பதை மற்றவர் பார்க்காமலிருக்க இவ்வளவு செலவழித்திருக்கிறார்கள். கட்டியவருக்கு எங்கள் ஆட்களை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்பாவும் அம்மாவும் நானும் ஓர் அறையில் ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். பக்கத்து அறையில் தமிழ் கேட்டது.

"மெதுவாக் கதை. தமிழ் ஆக்கள் இருக்கினம், கண்டால் மானம் போயிடும்" என்றார் அப்பா. உடனே அந்தப் பக்கமும் குரல் தணிந்தது.

"ஒருக்கா போன் எடுத்துப் பாருங்கோவன்" என்றார் அம்மா.

"வரச் சொன்னது மாப்பிள்ளை ஆக்கள். அவை எடுக்கட்டும்."

தோடம்பழச் சாறு கேட்க நான் கவுண்டர்க் கண்ணாடியைத் திருப்பினேன். பக்கத்து அறைக் கண்ணாடியும் திரும்பி, படத்தில் பார்த்த மூக்கும் மூக்குக்கண்ணாடியும் வெளியே வந்தன.

"நீங்களோ?" என்றார்.

"ஓம். எவ்வளவு நேரமா இருக்கிறியள்?"

"ஒரு மணித்தியாலம். அம்மா வீட்டை வெளிக்கிடப் போறா. முதல் போன் எடுக்க மாட்டாவாம்."

"அப்பாவும் அப்பிடித்தான்."

அவர் தலை மறைந்தது. கூட்டித் துடைப்பவர்கள் அறைக்கு அறை போவதற்காகத் தடுப்பின் அடியில் ஒரு குட்டிக் கதவு இருந்தது. அது திறந்து, கோட்டும் டையுமாக அவர் நாலு காலில் தவழ்ந்து வந்தார். தலை நேரே அப்பாவின் சப்பாத்துக் காலில் போய் நின்றது. காலில் விழுகிறார் என்று நினைத்து, ஆளைப் பார்க்காமலே அப்பா தலையில் கை வைத்தார்.

"நல்லா இரு தம்பி" என்று வாழ்த்திவிட்டுத்தான், "ஆர் நீர்?" என்று கேட்டார்.

"இஞ்சரப்பா, இதுதான் மாப்பிள்ளை" என்றார் அம்மா.

அப்பாவுக்கு முகமெல்லாம் வெற்றி. "மரியாதை தெரிஞ்ச பிள்ளை. இனித் தாய் தேப்பன் இஞ்சால வரட்டும்."

தடுப்புக்கு அப்பாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "தம்பி, எங்க போனனீ? பக்கத்தில தமிழ் ஆக்கள், கவனம்."

அவர் முழங்காலெல்லாம் தூசியோடு எழும்பி என்னைப் பார்த்தார். இனி அவருடைய அம்மாவும் தான் முதலில் வரமாட்டேன் என்பார். இதுவும் குழம்பினால் நான் தாங்கமாட்டேன்.

சேலையைச் செருகிக்கொண்டு குனிந்தேன்.

"பிள்ளை, எங்க போறாய்?" என்றார் அப்பா.

அந்தப் பக்கம் தலையை நீட்டியபோது அவருடைய தாயும் தகப்பனும் திகைத்துப்போய் என்னைக் குனிந்து பார்த்தார்கள். கலியாணம் பேசி முடியும்வரை 'அன்ரி' என்று மட்டும் கூப்பிடச் சொல்லித்தான் அம்மா பழக்கிக் கூட்டிவந்திருந்தார்.

"மாமி, நாங்கள் இஞ்சதான் இருக்கிறம்" என்றேன்.