முதுகு காட்டி நிற்கும் நான்கு பேர்

பக்ரீத் முடிந்த மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, ஹஃபீஸா முனிச்சாலை வீட்டை விட்டுக் கிளம்பினாள். தோளில் ஒரு பை, கையில் ஒரு பெட்டி. மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்துக்குப் போகும் ஆட்டோ தெருமுனையில் உறுமிக்கொண்டு நின்றது. அவளுடைய அத்தா முகைதீன் பிச்சை கூடத்தில் செய்தித்தாளை விரித்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படி வாசலில் நின்று, "வாரேன்மா" என்று அம்மாவிடம் சொன்னாள். கூடத்தைக் கடக்கும்போது செருப்பைத் தேடுகிறவள் போலக் குனிந்துகொண்டாள். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆட்டோ சத்தம் தேய்ந்து அடங்கும் வரை அவர் தாளைத் திருப்பவில்லை.

எல்லாம் பெருநாள் அன்று நடந்ததுதான். மனைவி அமீருன்னிசாவின் அண்ணன் குடும்பம் மேலூரிலிருந்து வந்திருந்தது. பிரியாணி முடிந்து எல்லோரும் கூடத்தில் சாய்ந்திருந்த நேரம், மாடி அறையில் ஹஃபீஸா ராக் இசைத்தட்டு ஒன்றைப் போட்டுவிட்டாள். பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் சம்பளத்தில் பாதியை அவள் இதற்கே செலவழித்தாள். கொரோனாவில் வீட்டோடு வந்தபோது துணிமணியைவிட இசைத்தட்டுகள்தான் அதிகம் வந்து இறங்கின. டிரம் அடி கூரையில் அதிர்ந்ததும் மைத்துனர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"என்ன மச்சான், பெருநாளுக்குக்கூட லீவு கெடையாதா? மாடியில பேரிங் போன கிரைண்டரு ஓடுது!"

கூடமே சிரித்தது. முகைதீன் பிச்சைக்கு முகம் சுண்டிவிட்டது. மாடி ஏறிப் போனவர், சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். சுவிட்சை அணைக்காமல் பிளக்கைப் பிடுங்காதீர்கள் என்று தன் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்புகிற மனிதர். "இந்த எரைச்சலக் கேக்கத்தான் ஒன்னைய அம்புட்டுப் படிக்க வச்சேனா? இனிமே எம் வீட்ல இது ஓடக்கூடாது" என்றார். கீழே எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிதான் சொன்னார். அவள் மெத்தையில் உட்கார்ந்தாள்.

பெங்களூருக்குத்தான் போகிறாள் என்று நினைத்தார்கள். அங்கிருந்து ஜார்ஜியா, பிறகு போர்ச்சுகல், பிறகு அமீருன்னிசாவின் வாயில் நுழையாத ஏதோ ஒரு குளிர் ஊர். விடுதிகளில் வரவேற்பு வேலை என்றாள். அம்மாவுக்கு மட்டும் போன் செய்வாள். கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்து, போனிலிருந்து கசியும் குரலை முகைதீன் பிச்சை கேட்டுக்கொண்டிருப்பார்.

"அத்தாகிட்ட குடுக்கட்டாம்மா?"

"இல்லம்மா, நேரமாச்சு. வேலைக்குக் கெளம்பணும்."

இவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் இவ்வளவுதான்.

கீழவாசலில் அவருக்கு மோட்டார் வைண்டிங் கடை. மிக்சி, கிரைண்டர், மின்விசிறி எது வந்தாலும் எரிந்த காயிலைப் பிரித்துப் புதுச் செம்புக்கம்பி சுற்றித் தருவார். வந்ததும் ஒரு தடவை ஓடவிட்டுக் காதைக் கொடுப்பார். நோய் எங்கே என்று பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். ஓடாமல் கிடக்கும் மோட்டார் இறுகிப்போகும் என்பது அவருடைய தொழில் பயம். மழைக்காலம் வந்தபோது மகளுடைய அறையில் சும்மா கிடந்த இசைத்தட்டு பிளேயரை நினைத்து அந்தப் பயம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து, சாப்பிட்ட கையோடு மாடி ஏறினார். கொஞ்ச நேரம் சுற்றவிட்டு நிறுத்துவதுதான் திட்டம். தட்டு ஏற்கெனவே அதன் மேல் இருந்தது, பெருநாளன்று பாதியில் நின்றது. முள்ளைத் தூக்கி வைத்துப் பார்த்தார்.

கீழேயிருந்து அமீருன்னிசா குரல் கொடுத்தாள். "எம் வீட்ல ஓடக்கூடாதுன்னு சொன்ன ஆளு யாருங்க? பக்கத்து வீட்டுக்காரரா?"

"மோட்டார் டெஸ்ட் பண்றேன்டி."

"பண்ணுங்க, பண்ணுங்க."

அந்த டெஸ்ட் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நடந்தது.

ஆங்கிலம் அவருக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். ஆகவே அட்டையைப் பார்த்து அவரே பேர் வைத்துக்கொண்டார். ஒன்று கழுதை, பனியில் ஒரு கழுதை தனியாக நிற்கும். அது அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஜாரில் ஒன்றுமே போடாமல் மிக்சியை மூன்றாம் நம்பரில் வைத்த மாதிரி ஒரே கத்தல். இன்னொன்று ஏணி. அதில் பாடுகிறவன் தொண்டை கட்டிப்போனவன். ஒவ்வொரு வரியையும் சுமையை இறக்கி வைப்பதுபோல வைப்பான். என்ன சொல்கிறான் என்று புரியாவிட்டாலும், யாரிடமோ மன்னிப்புக் கேட்கிறான், அவர்கள் கேட்கவில்லை என்று தோன்றும். அந்தத் தட்டைப் போட்டால் அவர் நடுவில் எழுந்திருக்க மாட்டார்.

கடைசியாகத்தான் நாலு முதுகுக்கு வந்தார். அட்டையில் நான்கு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கம்மாய்க்கரையில் நிற்பார்கள். ஹஃபீஸா மிக அதிகமாகப் போட்டது அதைத்தான். இரண்டாம் பக்கத்தில் ஒரு நீளமான பாட்டு. ஒற்றை கிட்டார் தனியாக, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். பிறகு திடீரென்று டிரம் இறங்கும். அந்த இடம் வந்ததும் முகைதீன் பிச்சையின் வாய் தானாகத் திறந்தது. "கொறச்சு வையி!" அத்தனை மாதங்கள் சாயங்காலங்களில் அவர் கதவைத் தட்டிக் கத்தியது இந்த இடத்தில்தான். அதற்கு முன்னால் வந்த கிட்டாரை அவர் ஒருநாளும் காதில் வாங்கியதில்லை. காலியான அறையில் தன் குரலைத் தானே கேட்டுவிட்டு, முள்ளைத் தூக்கிப் பாட்டை முதலிலிருந்து வைத்தார்.

கடைக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த எழுமலைக்காரர் பேயாண்டியிடம் மட்டும் இதைச் சொன்னார்.

"வெறும் எரைச்சல் இல்ல மாப்ள. மூணு மோட்டார் ஒரே லைன்ல ஓடுது. ஒண்ணு வேகம் எடுத்தா மத்தது தணியணும். தணியுதே! அப்புடி ஒரு கணக்கு."

"மகளோட பேச்சு வார்த்தை இல்லேன்னதும் மனுசனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு. டீயக் குடி மாப்ள, ஆறுது."

அந்தத் தட்டில் ஒரே ஒரு குறை. கிட்டார் தனியாகப் போகும் இடத்தில் எண்ணெயில் கடுகு போலப் பொரிந்துகொண்டே இருக்கும். தூசு. அவள் வரும்போது இது இருக்கக்கூடாது என்று நினைத்தார். தட்டுகளை வெயில் படாமல் நிறுத்தி வைத்தார், கரையான் வராமல் அலமாரிக் காலுக்கு மருந்து அடித்தார். இந்தத் தூசையும் எடுத்துவிட்டால் முடிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கடையிலிருந்து கிரீஸைக் கரைக்கிற தின்னர் பாட்டிலும் பனியன் வேஸ்ட் துணியும் கொண்டுவந்தார். வாழ்நாள் முழுவதும் எத்தனை மோட்டார்களை அப்படித் துடைத்திருப்பார்! எந்த அழுக்கும் அதற்கு முன் நிற்காது. எந்த வேலையையும் அரைகுறையாக விடுகிறவர் இல்லை. இரண்டு பக்கத்தையும் விளிம்பிலிருந்து நடுவரை அழுத்தித் துடைத்தார்.

துணி கறுப்பாயிற்று. அழுக்குத்தான் இவ்வளவா என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டார். பிறகு தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். தின்னர் தட்டையே கரைத்திருந்தது. பளபளப்பு போய், புகை படிந்த கண்ணாடி மாதிரி வெளுத்திருந்தது.

முள்ளை வைத்தார். ஆட்டுக்கல்லில் மணலைப் போட்டு ஆட்டுகிற சத்தம். கிட்டார் எங்கோ அடியில், யாரோ போர்வைக்குள் முனகுவதுபோலக் கேட்டது. டிரம் இறங்க வேண்டிய இடத்தில் முள் வழுக்கிக்கொண்டு நடுவுக்கு ஓடிவிட்டது. எரிந்த காயிலின் வாடையை மூக்கு பிடிக்கிற மாதிரி, அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. எரிந்த காயிலையாவது பிரித்துச் சுற்றலாம். இதைச் சுற்ற முடியாது.

மறுநாள் கடையைத் திறக்காமல், தட்டை ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டு ஆனையூருக்குப் பஸ் ஏறினார். ஹஃபீஸாவோடு கல்லூரியில் படித்த திவ்யா அங்கே இருந்தாள். அட்டையை வாங்கிப் பார்த்தவள் போனில் வெகுநேரம் துழாவினாள்.

"மாமா, இது பெரிய கம்பெனி போட்டது இல்ல. பெங்களூர்ல நாலு பசங்க சேந்து, அவங்களே காசு போட்டு அடிச்சது. குழுவும் கலைஞ்சிருச்சு. போன்லயும் இந்தப் பாட்டு எங்கேயும் இல்ல."

"அந்த நாலு பேருல ஒருத்தரையாவது புடிக்க முடியாதாம்மா? ஒரு தட்டாவது வச்சிருக்க மாட்டாங்களா?"

"ஒருத்தருக்கு எழுதிப் பாத்துட்டேன் மாமா, இப்பத்தான். பதில் வருமான்னு தெரியல." அட்டையைத் திருப்பிக் கொடுத்தபடி சொன்னாள். "நீங்க அவகிட்டயே சொல்லிருங்களேன். ஒண்ணும் சொல்ல மாட்டா."

"ஏங்கூடப் பேசுனாத்தானம்மா சொல்றதுக்கு."

"நான் சொல்லட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்." அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "நான் ரோசத்துல பண்ணுனேன்னு நெனைச்சுக்குவா."

அந்தப் பதில் வரவே இல்லை.

தட்டை உறையில் போட்டு, அட்டைக்குள் செருகி, அது இருந்த இடத்திலேயே நிறுத்தி வைத்தார். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. நான்கு பேரும் முன்போலவே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். வெள்ளிக்கிழமைகளில் ஏணி ஓடியது, பொறுக்க முடியாத கழுதைகூட ஓடியது. அதை மட்டும் தொடவில்லை.

ஒருநாள் போனில் ஹஃபீஸாவே கேட்டாள். "என் ரெக்கார்டெல்லாம் கெடக்காம்மா? எடைக்குப் போட்டுட்டீங்களா?"

"எடைக்கா? ஒங்க அத்தா இருக்காரே, எல்லாத்தையும் தொடைச்சுத் தொடைச்சு வைக்கிறாரு" என்றாள் அமீருன்னிசா பெருமையாக. "வாரா வாரம் போட்டுக் கேக்குறாருடி! நாந்தான் காதப் பொத்திக்கிட்டுத் திரியுறேன்."

மறுமுனையில் "அத்தாவா?" என்று ஒரு குரல். கட்டிலின் ஓரத்தில் முகைதீன் பிச்சை இரண்டு கைகளையும் ஆட்டினார், பேச்சை மாற்று என்று. மனைவிக்குப் புரியவில்லை. கொசு விரட்டுகிறார் என்று நினைத்து விசிறியைக் கூட்டி வைத்தாள்.

அதன்பிறகு கோடை வந்து, இன்னொரு பக்ரீத்தும் போனது. மேலூர் மைத்துனர் வந்து, மாடி அமைதியாக இருக்கிறதே என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. மகளிடமிருந்து ஒரு சொல் வராதா என்ற ஏக்கமும், வந்தால் எதைக் கேட்பாளோ என்ற திகிலும் ஒன்றாகவே அவருக்குள் கிடந்தன. எதை முதலில் வேண்டிக்கொள்வது என்று தொழுகையில் கையேந்தியபோதும் தெரியவில்லை.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்குக் கிளம்பிக் கடையின் ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. திரையில் மகளுடைய பெயர். அவருக்கென்று, அவருடைய நம்பருக்கு. பாதி இறங்கிய ஷட்டரை ஒரு கையால் தாங்கியபடியே படித்தார்.

"அத்தா, நல்லா இருக்கீங்களா? இங்க ஒரே பனி. ஜன்னலத் தொறக்க முடியல. நீங்க என் ரெக்கார்டு எல்லாம் கேக்குறீங்கன்னு அம்மா சொன்னதுலேர்ந்து ஒங்களுக்கு எழுதணும்னு நெனச்சு, எழுதி எழுதி அழிச்சுட்டேன். ஒரே ஒரு ஒதவி வேணும். நாலு பேரு முதுகு காட்டி நிக்கிற ரெக்கார்டு இருக்குல்ல, ரெண்டாம் பக்கம். எனக்கு எங்கேயுமே கெடைக்கல. இன்னைக்கு ஜும்மா முடிஞ்சு வந்து அதப் போட்டு, போன்ல பதிஞ்சு அனுப்புங்க. டிரம் வர்ற எடத்துல கதவத் தட்டி, கொறச்சு வையின்னு சொல்லுங்க அத்தா."