இரண்டாவது ஃபிளாப்பியில் சந்தனம்

வில்லியனூரிலிருந்து பஸ் ஏறி சேதராப்பட்டுக் கம்பெனிக்கு வந்து, கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டால் சாயங்காலம் வரை நானும் கம்ப்யூட்டரும்தான். எண்பதுகளின் நடுவில் ஏசி ரூமில் வேலை என்றால் ஊரில் பெரிய கௌரவம். கௌரவமாவது மண்ணாங்கட்டியாவது! கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் பெண்கள் ஒருவர் டிபன்பாக்ஸில் ஒருவர் கைவைத்துச் சாப்பிடுவார்கள். நான் போனால் "மேடம் வராங்க" என்று பேச்சை நிறுத்திவிடுவார்கள். எனக்கு வயது இருபத்தொன்று.

அந்தக் கம்ப்யூட்டர் சுவிட்ச் போட்டதும் எழுந்துவிடாது. முதல் ஃபிளாப்பியிலிருந்து கெர்னல் என்ற தலைமை புரோகிராம் மெமரிக்குள் வரும். மற்ற எல்லாவற்றையும் நடத்தப்போவது அதுதான். ஆனால் வந்த புதிதில் அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக்கூடப் படிக்கத் தெரியாது. இரண்டாவது ஃபிளாப்பியைக் கேட்கும். ஹார்ட் டிஸ்க்கை எப்படிப் படிப்பது, முதலில் எதை ஓட்டுவது என்று சொல்லும் சின்னச் சின்ன ஃபைல்கள் அதில் இருந்தன. அவற்றை மெமரியில் விரித்துக்கொண்ட பிறகுதான் மேலே நகரும். அந்த ஃபிளாப்பிக்கு எங்களிடம் நகல் கிடையாது.

ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டரை நிறுத்தி, இரண்டாவது ஃபிளாப்பியை உறையில் போடப்போனேன். கதவு திறந்தது. காயில் பிரிவின் மூத்த அக்கா சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள், பின்னால் நாலைந்து பெண்கள்.

"இன்னா பொண்ணே, எல்லாரும் அங்க இருக்கோம், நீ மட்டும் இங்க குந்திக்கினு இருக்க?"

"வேதக்காரங்க வூட்டுப் பொண்ணாச்சே, பொட்டு வெச்சா உங்க சாமியாரு திட்டமாட்டாரு?" என்றாள் ஒருத்தி. நாங்கள் கிறிஸ்தவர்கள்.

"அவரு இன்னாத்துக்குத் திட்டுறாரு? வைங்கக்கா" என்றேன்.

திரைக்கு வைத்தாள், கீபோர்டுக்கு வைத்தாள். பிறகு என் கையிலிருந்த ஃபிளாப்பியை வாங்கி, "இதுவும் உன் ஆயுதந்தானே?" என்று, உள்ளே தட்டு தெரியும் நீள ஓட்டையின் மேலேயே பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். அங்கே எது பட்டாலும் ஃபிளாப்பி கெட்டுவிடும் என்று தெரிந்தும், விரல் போவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் வாயில் என்ன, கொழுக்கட்டையா? சொன்னால் கையை இழுத்துக்கொள்வாள், நான் மறுபடி மேடம் ஆகிவிடுவேன் என்று பயம். அன்று அவர்கள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் நடுவில் உட்காரவைத்துப் பொரி தின்னக் கொடுத்தார்கள். அந்தக் கம்பெனியில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

விடுமுறை முடிந்து சுவிட்சைப் போட்டேன். கெர்னல் வந்தது, மெமரி எவ்வளவு என்று காட்டியது, இரண்டாவது ஃபிளாப்பியைக் கேட்டது. சந்தனத்தைக் கைக்குட்டையால் துடைத்துச் செருகினேன். கரகரவென்று சத்தம். ஃபைல்கள் கிடைக்கவில்லை என்று சொல்லி அப்படியே நின்றுவிட்டது. மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் அதே இடம்.

மேனேஜர் ஃபிளாப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மஞ்சள் கறை தெரிந்தது.

"எவ வெச்சா?" என்று கேட்டு, கண்ணாடி வழியாகக் காயில் பெண்கள் பக்கம் திரும்பினார். அவர்கள் தினக்கூலி. பெயரைச் சொன்னால் அக்கா சாயங்காலத்துக்குள் கேட்டுக்கு வெளியே இருப்பாள். அங்கே அவள் கை காயிலோடு நின்றுபோயிருந்தது.

"நான்தான் சார் வெச்சேன்."

"படிச்ச பொண்ணுதானே நீ? அறிவில்ல?"

மெட்ராஸிலிருந்து வேறு ஃபிளாப்பி வர நாலு நாள் ஆனது. வேலை போகவில்லை. ஆனால் மேனேஜர் ஓர் அட்டையைக் கொடுத்து என்னையே எழுதிக் கதவில் ஒட்டச் சொன்னார்: "வேறு யாரும் உள்ளே வரக்கூடாது."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அக்கா ஒரு டிபன்பாக்ஸோடு கதவு வரை வந்தாள். அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். மேனேஜர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் எழுந்திருக்கவில்லை. அக்கா டிபன்பாக்ஸைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். ஷிப்டு நோட்டீஸ் எல்லாம் எழுதுவது நான்தான். அது யார் கையெழுத்து என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.