சஷ்டி அன்று தின்ற இட்லி

கல்யாணமாகி வருடங்கள் ஓடியும் எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்காகவே நானும் என் கணவரும் ஒவ்வொரு கந்த சஷ்டிக்கும் ஆறு நாள் விரதம் இருப்போம். பாலும் பழமும்தான். கடைசி நாள் அதுவும் கிடையாது. சாயங்காலம் கோயிலில் சூரசம்ஹாரம் பார்த்துவிட்டு வந்துதான் வாயில் எதையும் வைப்போம்.

தொண்ணூறுகளில் அவருக்கு நாகல் நகரில் வீட்டு முன்னாலேயே சைக்கிள் கடை. அவருடைய ரத்தம் லேசில் கிடைக்காத நெகட்டிவ் வகை. ரத்ததானம் செய்கிறவர்கள் சேர்ந்து வைத்திருந்த சங்கத்தில் அவரும் இருந்தார். கடைக்குப் போன் வந்தால் போதும், ஒட்டிக்கொண்டிருக்கும் டியூபை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். அந்தக் குணத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டவள்தான் நான். ஆனால் ஒரு வருடம் சஷ்டியின் கடைசி நாளில் போன் வந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னைக்குன்னு பாத்து ஊர்ல வேற ஆளே கெடைக்கலையாக்கும்?"

"பிரசவமாம். ரத்தம் நிக்கலையாம். குடுத்துட்டு ஓடியாந்துர்றேன்."

"வாயில எதையும் வச்சுறாதீங்க" என்று சொல்லித்தான் அனுப்பினேன். மனசு கேட்காமல் பின்னாலேயே ஆட்டோ பிடித்துப் போனேன். ஆஸ்பத்திரி கேண்டீனில் மனிதர் இட்லி தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"வெறும் வயித்துல எடுக்க மாட்டாங்களாம். முருகன்ட்ட நான் பேசிக்கிறேன். நீ செத்த நேரம் உக்காரு."

சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டார். இந்த வருடமும் போச்சு என்று வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அவர் கையைக் கழுவிவிட்டு ரத்தம் கொடுக்கப் போனார்.

மதியத்துக்கு மேல் அந்தப் பெண் பிழைத்துவிட்டாள் என்றார்கள். வடமதுரைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அவளுடைய தாயார் பிள்ளையை ஏந்திக்கொண்டு, சீனித்தண்ணீர்க் கிண்ணத்தோடு என் கணவர் முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, நீங்க சேனை வைங்க. ஒங்க கொணம் வரட்டும்."

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பை யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம் அதற்கு வரும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவான நம்பிக்கை.

அவர் என்னைக் காட்டினார். "அவ வைக்கட்டும்மா."

பிள்ளை இல்லாதவளை யாரும் சேனை வைக்கக் கூப்பிட மாட்டார்கள். நான் அதை வாய்விட்டே சொன்னேன்.

"அதுனால என்ன தாயி" என்று அந்த அம்மா கிண்ணத்தை நீட்டினார்.

விரலால் தொட்டு வைத்தேன். பிள்ளை சப்புக்கொட்டியது. விரலில் மிச்சமிருந்த சீனியை என்னை அறியாமலே நக்கிவிட்டேன்.

"ஒன் விரதமும் போச்சா?" என்று அவர் சிரித்தார். காலையில் அழுத அதே பெஞ்சில் உட்கார்ந்து நானும் சிரித்தேன்.

எங்களுக்குக் கடைசிவரை பிள்ளை பிறக்கவில்லை. அந்த இட்லியால்தான் என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை. சஷ்டி விரதத்தையும் விடவில்லை. அடுத்த வருடத்திலிருந்து கடைசி நாள் காலையில் நாலு இட்லி மட்டும் அவித்து மூடி வைத்துவிடுவேன். போன் வந்தால் அவர் வெறும் வயிற்றோடு போகக் கூடாது.