சுரங்கத்துக்கு முன் கேட்ட கேள்வி

தலவாக்கலையில் நான் ரயிலேறியபோது எதிர் சீட்டில் இருந்தார், துருக்கித் தொப்பி வைத்த ஒரு புடவை வியாபாரி. சுரங்கம் வந்தால் புகைக்குப் பயந்து லேஞ்சியால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொள்வார். வெளியே வந்ததும் விட்ட சொல்லிலிருந்தே பேச்சைத் தொடருவார்.

பௌதிகம் படிக்க எனக்கு லண்டனிலும் இடம் கிடைத்திருந்தது, திருச்சியிலும் கிடைத்திருந்தது. லண்டன் என்றால் அம்மாவின் நகை மொத்தமும் போகும். திருச்சியில் சித்தப்பா வீட்டிலேயே சாப்பாடு. ஆனால் அப்பா தேயிலைத் தோட்டம் முழுக்க லண்டன் என்றே சொல்லி வைத்திருந்தார். எந்த ஊருக்கு டிக்கெட் எடுப்பது என்று முடிவாகாமலே கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். வியாபாரியை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஏன் தம்பி, கல்லக் கீழ போட்டா இங்க விழுறத விட லண்டன்ல வேகமா விழுமா?" என்று கேட்டார். உடனே சிங்கமலைச் சுரங்கம் வந்துவிட்டது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் இருட்டில் யோசித்தேன்.

வெளிச்சம் வந்ததும் சொன்னேன்: "துளியூண்டு வேகமா விழும், நானா. கண்ணுக்குத் தெரியாதுங்க."

"அவ்வளவு தூரம் போயும் துளிதானா?"

அவர் முகம் தொங்கிவிட்டது. எனக்கோ நெஞ்சிலிருந்து பெரிய மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கொழும்பில் திருச்சிக்கே டிக்கெட் எடுத்தேன்.

அவர் எனக்காகக் கேட்டாரா, கல்லுக்காகவே கேட்டாரா என்பது இன்றுவரை தெரியவில்லை.