பல்லில் கடித்த கூடை

பழவேற்காடு ஏரியில் ஓரிடத்தில், நடுமதியத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கலாம் என்று வாட்ஸ்அப்பில் துள்ளிய நால்வரில் ஒருவர்கூடக் கிளம்பவில்லை. கடைசியில் எனக்குத் துணையாக வந்தவர், கோட்டைக்குப்பத்தில் கையால் தடவி இறால் பிடிக்கும் ஒரு பெண். இரண்டு கையும் தண்ணீருக்குள் வேலையாக இருக்கும் என்பதால், பனையோலைக் கூடையைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருப்பார். முன்பற்கள் தேய்ந்திருந்தன.

"பயமில்லையாக்கா?" என்று கேட்டேன்.

கூடையைக் கையில் எடுத்தார். "இன்னா பயம்? எனுக்கு வருசக்கணக்கா கூப்புடுது. வாயில கூடை இருக்கசொல்ல எப்டி பதில் குடுக்கறது? இன்னிக்கு நீ புடி."

பிடித்துக்கொண்டேன். முழங்கால் தண்ணீரில் நின்றோம். சட்டைப்பையில் ஃபோன் பதிவு செய்துகொண்டிருந்தது. என் காதில் காற்று மட்டும்தான் விழுந்தது. சட்டென்று அவர் திரும்பி, "இன்னா?" என்றார். சற்றுப் பொறுத்து, "சரி, சொல்லிடறேன்" என்றார்.

"யார்கிட்டக்கா சொல்லணும்?"

கூடையை வாங்கிப் பல்லில் கடித்துக்கொண்டு, இறால் தேடக் குனிந்துவிட்டார்.

பதிவில் அவர் குரல் மட்டுமே இருக்கிறது. ஆனால் அந்த "இன்னா"வுக்கும் "சரி"க்கும் நடுவே, ஓர் ஆள் நிதானமாகப் பேசி முடிக்கும் நேரம் இருக்கிறது.