நூற்று இருபது 'எஸ் சார்'

மாடு மேய்க்கிறவனுக்குக்கூட எந்த மாடு காணோம் என்று சாயங்காலம் தெரிந்துவிடும். காலேஜ் வாத்தியாருக்கு அதுவும் கிடையாது. என்னோடு தொண்டை வற்றிய சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா?

அறுபதுகளில் விருதுநகர்ப் பக்கம் எனக்கு பி.யு.சி. வகுப்பு. ஒரே ஹாலில் நூற்று இருபது பையன்கள். வருகை குறைந்தால் பரீட்சைக்கு விடமாட்டார்கள், வருஷம் போச்சு. பேர் வாசித்தால் பாதி நேரம் போய்விடும் என்று நம்பர்தான் கூப்பிடுவேன். குனிந்த தலை நிமிராது. 'எஸ் சார்' வந்தால் ஒரு டிக்.

கடைசி பெஞ்சு

கடைசி பெஞ்சுக்கும் கேட்க வேண்டுமே என்று முதல் மாதம் முழுக்கக் கத்தினேன். தொண்டைக் கட்டுக்கு மிளகைக் கடித்துக் கடித்து வாயெல்லாம் புண். ஒருநாள் பாதியில் நிறுத்தி, "பின்னால கேக்குதாப்பா?" என்றேன். ஒருவன் மரியாதையாக எழுந்தான்.

"சத்தம் நல்லாக் கேக்குது சார். இங்கிலீசுதான் ஒண்ணும் விளங்கல."

முட்டை

டெஸ்ட் வைத்தால், சிவகாசி அச்சாபீசில் வர்ணம் தப்பிக் கழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுப்பார்கள். திருத்தி முடிப்பதற்குள் எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. முக்கால்வாசி முட்டை. வெறுத்துப்போய் ஒருவனை எதிரே நிறுத்தி வைத்தே போட்டேன்.

"முட்டை போடுங்க சார், வேண்டாங்கல. பின்னால முருகன் இருக்காரு, அழுத்திப் போடாதீக."

எண்பத்தேழு

பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பு, எம். புதுப்பட்டியிலிருந்து ஒரு பட்டாசுத் தொழிலாளி வந்தார். எண்பத்தேழாம் நம்பரின் அப்பா. எனக்கு அந்தப் பையனின் முகம் ஞாபகமே இல்லை. ரிஜிஸ்டரைப் புரட்டினேன்; அத்தனையும் டிக். "தங்கமான பையன், ஒருநாள் தவறினதில்லை" என்று தாராளமாகச் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார்.

"தீவாளி சீசனுக்கு நான்தாங்கய்யா கூட்டிட்டுப் போனேன். வெடிமருந்துல தீப்பிடிச்சு, கை வெந்து நாலஞ்சு மாசமா வீட்டுல கெடக்கான். பேரை எடுத்துறாதீகன்னு கேக்கத்தான் வந்தேன்."

மறுநாள்

எனக்கு என் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது. மறுநாள் எண்பத்தேழைக் கூப்பிட்டுவிட்டு முதல் தடவையாகத் தலையைத் தூக்கினேன். 'எஸ் சார்' வந்தது. "எவன்லே அது?" என்றேன். கடைசி பெஞ்சு மொத்தமும் எழுந்து நின்றது. முறை வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒருவனாகச் சொல்லியிருக்கிறார்கள். சிவப்பு மைப் பேனாவைத் திறந்துவிட்டேன். அந்த டிக்குகளை அடித்துத் திருத்தினால் எண்பத்தேழுக்குப் பரீட்சை இல்லை. ஓரத்தில் நின்றவன் மெதுவாகச் சொன்னான்:

"கை பரீட்சைக்குள்ள ஆறிரும் சார். வருசம் போச்சுன்னா, மறுபடி வெடிமருந்துக்குத்தான் போவான்."

பேனாவை மூடிவிட்டேன். அந்த வருஷம் அந்த ரிஜிஸ்டரில் ஏறிய பொய்களில் பெரியது, வகுப்பை நடத்தியவர் என்ற இடத்தில் நான் போட்ட கையெழுத்துதான்.